பிறாண்டியவனும் எண்ணியவளும்

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று பிறாண்டுவது. இன்னொன்று எண்ணுவது. பிறாண்டுகிறவன் ஒருவன் என்னைத் திருடி என்று தெருவே சொல்லும்படி செய்தான். அவனை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கடைசியில் மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் இப்போதே மூடி வைத்துவிடலாம்.

பூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. அப்போது வீடுகளில் தொங்கியது பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டு. அதன் சமாசாரம் வேறு. நான் சொல்வது சீமைப் பூட்டு. சாவி தட்டையாக, ஒரு ஓரம் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். உள்ளே ஒரு பித்தளை உருளை. அதற்கு மேலே ஐந்து சின்னப் பித்தளைக் குச்சிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குச்சியும் இரண்டு துண்டு. தலையில் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் ஐந்து குச்சிகளின் வெட்டும் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை சுழலும். ஒரு குச்சி மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது.

எண்ணுவது என்றால், வளைத்த கம்பி ஒன்றால் உருளையை லேசாக அழுத்தித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தூக்குவது. எது இறுகி நிற்கிறதோ அதை முதலில். மட்டத்துக்கு வந்ததும் விரலில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும். காதில் கேட்காது. பிறகு அடுத்தது. பிறாண்டுவது என்றால், அரத்தால் அலை அலையாக ராவிய கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் சரசரவென்று இழுப்பது. குச்சிகள் எல்லாம் துள்ளும். துள்ளும்போது ஐந்தும் மட்டத்துக்கு வந்து மாட்டினால் பூட்டு திறக்கும். மாட்டாவிட்டால் மறுபடி இழுக்க வேண்டியதுதான். எந்தக் குச்சி எங்கே நிற்கிறது என்று பிறாண்டுகிறவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. திறந்தால் போதும் அவனுக்கு.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம். நானும் அம்மாவும் போகவில்லை. போக எங்களுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. பல தலைமுறையாக சாந்தோம்தான். நான் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. போகிறவர்கள் எங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு வீட்டுச் சாவியை அம்மா தொலைத்துவிட்டாள். சீமைப் பூட்டு. உடைக்க மனசு வரவில்லை. குடைக்கம்பியை உடைத்து, கல்லில் தேய்த்து, அந்த வாசலில் நாலு நாள் உட்கார்ந்தேன். நாலாவது நாள் மத்தியானம் திறந்தது. அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தைக் கலியாணமான என் சிநேகிதிகள் யாரிடமும், அவர்கள் கலியாணத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடைகளில் சாவி இல்லாத சீமைப் பூட்டாக வாங்கிக்கொண்டு வருவேன். திறப்பேன். பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். மறுபடி பூட்டி வைப்பேன். அம்மா ஜெபம் சொல்லிக்கொண்டே என்னை முறைப்பாள். எதற்கடி இது என்று கேட்பாள். பூ கட்டுகிறவளிடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ரேஷன் வந்தபோது குமாஸ்தா வேலைக்குப் பெண்களையும் எடுத்தார்கள். தியாகராய நகரில் ஒரு ரேஷன் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. சாந்தோமிலிருந்து லஸ் வரை நடை. அங்கிருந்து பஸ். பெட்ரோல் கிடையாது என்று பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு வைத்து ஓட்டிய காலம். ஏற்றத்தில் நின்றுவிடும், இறங்கி நடப்போம். கருப்பாகத்தான் ஆபீஸ் போய்ச் சேருவேன். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு வேலையால்தான்.

எனக்கு அடுத்த மேஜையில்தான் அவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவன், சீனியர் குமாஸ்தா. அப்போது அவர் என்றுதான் சொல்வேன். கிண்டியிலிருந்து வருவான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் பையிலிருந்து பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்து, தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினான். உள்ளே கண்ணாடி இல்லை. மூன்று கம்பிகள் இருந்தன. குடைக்கம்பிதான். அலை அலையாக ராவியிருந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அதிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் போட்டி. நான் குனிந்து குச்சியைத் தேடிக்கொண்டிருப்பேன். அவன் பூட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரக் சரக் என்று இழுப்பான். சின்னப் பூட்டாக இருந்தால் நான் இரண்டாவது குச்சிக்கு வருவதற்குள் அவனுடையது திறந்துவிடும்.

"இன்னாம்மா, ஜெபமாலை எந்த மணில கீது?" என்பான். "சாமி வந்து தொறக்கறதுக்குள்ள பூட்டு துருப்புடிச்சிரும்."

பியூன் கிழவர் சிரிப்பார். நானும் சிரித்தேன். அவன் திறக்க முடியாத பூட்டுகளும் இருந்தன. குச்சிகள் ஒன்று மிக உயரமாக, ஒன்று மிகத் தாழ்வாக வெட்டியிருந்தால் பிறாண்டலுக்கு மசியாது. அப்போது பூட்டு மட்டம், சரக்கு சரியில்லை என்று மூலையில் போட்டுவிடுவான். நான் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளில் திறந்து கொண்டுவந்து கொடுப்பேன். அதில் அவனுக்கு இருந்த எரிச்சலை நான் கவனிக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன். ஒரு தடவைகூட அவன் பூட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை. உள்ளே பாருங்கள் சார், உங்கள் கம்பி என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று ஒரு நாள் காட்டப் போனேன். தொறந்த பூட்டுல இன்னாம்மா கீது பாக்கறதுக்கு என்று டீ குடிக்கப் போய்விட்டான்.

ஆபீசர் மயிலாப்பூரில் பழைய குடும்பம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். வம்புக்குப் பயப்படுகிறவரை எல்லாம் நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எழுதாத ரேஷன் கார்டுகளை அவருடைய மர பீரோவில் வைத்திருப்பார்கள். அதற்கு சீமைப் பூட்டு. சாவி அவரிடம் மட்டும். ஒரு நாள் காலையில் ஜனங்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், சாவியை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பியூன் என்னைக் காட்டினார். முதலில் மாட்டேன் என்றேன். ஆபீசரே வற்புறுத்தியதால் திறந்தேன். ஆபீஸ் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. மூன்றாவது குச்சி மிக இறுக்கம். உருளை சுழன்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை.

அன்று மத்தியானம் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்தப் பூட்டு எனக்கு இருவது எண்றதுக்குள்ள, தெரியுமா? போன வாரமே பாத்துக்கினேன்."

விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்று நினைத்தேன். பூட்டுப் பைத்தியம் பிடித்த நம் ஆட்களுக்கு ஒரு பூட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியாதா. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாசம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஆபீசர் பீரோவைத் திறந்தார். கார்டுக் கட்டு ஒன்றைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. யுத்த காலத்தில் எழுதாத ரேஷன் கார்டு என்றால் ஓட்டல்காரன் எவனும் கும்பிட்டு வாங்கிக்கொள்வான். இல்லாத குடும்பத்தின் பெயரில் அரிசியும் சர்க்கரையும் வரும். போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். இதைச் சாவியில்லாமல் திறக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உலகத்தில் வேறு எவளும் இதைச் செய்திருக்க மாட்டாள்.

ஆபீசர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "நாங்க எல்லாரும் பார்த்துண்டுதான் இருந்தோம். அஞ்சு நிமிஷத்துல திறந்தா."

"பத்து நிமிஷம்" என்றேன். "மூணாவது குச்சி இறுக்கம். இப்ப திறந்தா ஆறு நிமிஷத்துல முடிச்சிடுவேன், அது எங்க நிக்கும்னு தெரியும்."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னது அத்தனையும் உண்மை. தவறாகச் சொல்கிறாரே, திருத்த வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. எழுதி முடித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. இன்னொருவரும் திறப்பார் என்று அவனைக் காட்டினேன். அவன் இரண்டு கையையும் விரித்தான். "நானாம்மா? டப்பாப் பூட்டு தொறந்து வெளயாடுவேன். பீரோப் பூட்டெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" என்றான். பியூனும் ஆமாம் என்றார். அவன் சின்னப் பூட்டு திறந்ததைத்தானே அவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சோதனை போட்டார். கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரம். தெருவே வந்து நின்றது. என் பூட்டுகளை எல்லாம் ஒரு கோணியில் கொட்டினார்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். கோணியைத் தூக்கும்போது வந்த சத்தத்தைக் கேட்டு ஒருத்தி ஐயோ எத்தனை வீட்டுதோ என்றாள். எனக்கு ஞானஸ்நானத்திலிருந்து தெரிந்தவள். கான்ஸ்டபிள் அரிசிப் பானைக்குள் கையை விட்டான். பக்கத்து வீட்டு மீன்காரம்மா மட்டும்தான் எங்களுக்காக வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா, பானைல கைய வுட்டுக்கினு கீற? பசிச்சா சோறு வெந்தப்புறம் வா."

அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் ஒளித்து வைத்துவிட்டேன் என்று ஆயிற்று. விசாரணை முடியும்வரை ஆபீசுக்கு வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. பத்து நாளில் மேலே அறிக்கை போகும், அதோடு வேலை போகும், பிறகு கேஸ். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எந்தக் காய்ச்சலிலும் பூசையை விடாதவள். அதற்காகத்தான் நான் அவனை விடவில்லை. எனக்காக மட்டும் என்றால் ஒருவேளை விட்டிருப்பேன். அதுவும் சந்தேகம்தான்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாவது நாள் புத்தி வந்தது. பூட்டுக்குள் பார்க்கவேண்டும் என்று ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை?

என் கம்பி ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரே இடத்தில் தொடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி தெரியும். பிறாண்டும் கம்பி அப்படிப் போகாது. ஐந்து குச்சிகளின் மேலும் குறுக்கே கோடு கிழிக்கும், சாவி ஓட்டையின் கூரையையும் கீறும். இரண்டையும் நான் என் பூட்டுகளில் பார்த்திருக்கிறேன். அவன் மூலையில் போட்டதைப் பிரித்துப் பார்த்தவள் நான்தானே.

விடிந்ததும் மயிலாப்பூரில் ஆபீசர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசினேன். பீரோப் பூட்டை இன்ஸ்பெக்டர் முன்னால் பிரிக்க வேண்டும், நான் திறக்கவில்லை என்று பூட்டே சொல்லும், சொல்லாவிட்டால் நீங்கள் எழுதி வைத்த காகிதம் எதுவானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கையெழுத்து என்றதும் அவர் முகம் தெளிந்தது. தொல்லை சீக்கிரம் முடியும் என்று நினைத்திருப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். சீனியர் குமாஸ்தாவும் இருக்க வேண்டும் என்றேன். இருக்கட்டுமே என்றார்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் மேஜையில் வெள்ளைத் துணி விரித்தேன். விறகுக் குச்சி ஒன்றைச் சீவி உருளை அளவுக்குத் தேய்த்துக் கொண்டுபோயிருந்தேன். அதை வைத்துத் தள்ளித்தான் உருளையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் எல்லாம் தெறித்துவிடும். பியூன் கதவருகே நின்றார். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயமே இல்லை. திறந்த பூட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து குச்சியையும் வரிசையாகத் துணியில் வைத்து, பூதக்கண்ணாடியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். இந்தப் புள்ளி என்னுடையது, ஆபீசர் சொல்லித் திறந்தபோது விழுந்தது, ஒரு மாசத்தில் கறுத்துவிட்டது என்றேன். இந்தக் கோடு பளபளவென்று இருக்கிறது பாருங்கள், புதுசு, என் புள்ளிக்கு மேலேயே கிழித்துக்கொண்டு போகிறது, எனக்குப் பிறகு வந்தவனுடையது என்றேன். அவர் வெகு நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கோடு ஒற்றைக் கோடு இல்லை. இரட்டை. மாட்டுவண்டித் தடம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. கம்பியின் மேடு ஒன்று சில்லுப் பெயர்ந்திருந்தால்தான் அப்படி விழும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கோடு இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களை ஏமாத்த நீயே போட்டிருக்கலாமே."

கேட்பார் என்று எனக்குத் தெரியும். நான் ஆபீசர் பக்கம் திரும்பி, ஆனால் அவனுக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன்: "இது வித்தை தெரிஞ்சவன் வேலை இல்ல சார். பன்னி சாக்கடையைக் கிளர்ற மாதிரி கிளறியிருக்கான். ஒரு மணி நேரமாவது திணறியிருப்பான். கடைசில ஏதோ தானா திறந்திருக்கு."

அவன் கால் ஆடுவது நின்றது.

"இந்த மாதிரி பூட்டைப் பிறாண்டித் திறக்க முடியாது" என்றேன். "பட்டணத்துல யாராலயும் முடியாது. அதுக்கெல்லாம் விரல் வேணும்."

என் வாயிலிருந்து பத்து நிமிஷத்தைப் பிடுங்கிய அதே வியாதி அவனுக்கும் இருந்தது. எனக்குத் தெரியும், எனக்கு இருந்ததே.

"யாராலயும் முடியாதா?" என்றான். "இன்னாம்மா அளக்கற? கை லேசா இருந்தா எந்தப் பூட்டும் தொறக்கும்."

"உங்களுக்கு டப்பாப் பூட்டுதானே தெரியும்னீங்க."

பியூன் சிரித்துவிட்டார். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "அவரால எங்க முடியும், வுடும்மா" என்றார். நான் எத்தனை பேசியிருந்தாலும் அந்த ஒரு சிரிப்பு செய்ததைச் செய்திருக்க முடியாது.

ஆபீசர் அறைக் கதவிலும் அதே கம்பெனி பூட்டுதான். அதைக் கழற்றச் சொன்னேன். பிரித்து, குச்சிகளில் கீறல் ஏதும் இல்லை என்று இன்ஸ்பெக்டருக்குக் காட்டிவிட்டு மறுபடி சேர்த்துப் பூட்டி அவன் முன்னால் வைத்தேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள் சார், தப்பில்லை என்றேன்.

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "தொறக்கத் தெரிஞ்சா திருடன்னு ஆயிருமா சார்?" என்று கேட்டான். ஆகாது என்றார் அவர். அப்புறம் என்ன. கண்ணாடிக் கூட்டை எடுத்தான். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு, கொஞ்சம் அழுத்தத்தை விட்டுப் பிடித்தான், மூன்றாவதில் உருளை சுழன்றது. இருபது எண்ணியிருக்க மாட்டோம். நன்றாகத்தான் செய்தான். அதை மறுக்கமாட்டேன். பூட்டை மேஜையில் என் பக்கம் தள்ளினான். இப்ப சொல்லு என்கிற மாதிரி பார்த்தான்.

நான் அதைப் பிரித்தேன். அவசரப்படவில்லை. ஐந்து குச்சியை எடுத்து, பீரோப் பூட்டின் ஐந்து குச்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வரிசையிலும் இரட்டைக் கோடு. இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கையை நீட்டினார். "அந்தக் கம்பியைக் கொடுங்க." கம்பியின் நடு மேட்டில் சில்லுப் பெயர்ந்து இரண்டு முனையாக இருந்தது, கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

அவன் அப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து ஒரு பூட்டின் உள்ளே பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் டெலிபோன் செய்யப் போனார். ஆபீசர் தண்ணீர் கேட்டு வெளியே போனார், பியூன் பின்னாலேயே ஓடினார். இரண்டு நிமிஷம் நானும் அவனும் மட்டும் அந்த அறையில் இருந்தோம். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்.

"நீ தனி ஆளு. பொம்பள வேற. வேலைய வுட்டு அனுப்பிட்டு, பாவம்னு கேஸ் இல்லாம வுட்டுருவாங்கன்னுதான் நெனச்சேன். எனக்கு மூணு பசங்க. கொஞ்சம் ரோசன பண்ணிப் பாரும்மா."

யோசித்துத்தான் செய்திருக்கிறான். என் ஜெபமாலைக் கேலி, சாப்பாட்டு நேரச் சிநேகம், எல்லாவற்றுக்கும் நடுவில் என்னை எடை போட்டு வைத்திருக்கிறான். நான் துணியில் இருந்த குச்சிகளை வரிசை சரிசெய்தேன். வாயைத் திறந்தால் துப்பியிருப்பேன்.

ஆபீசர் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போனது போகட்டும் என்கிற குரல். "அவரை ராஜினாமா பண்ணச் சொல்லிடறேன். ஆபீஸ் பேர் கெடாம முடிச்சுக்கலாம். நீங்க திங்கட்கிழமைலேர்ந்து வந்துடுங்கோ" என்றார். முடியாது என்றேன். கேஸ் நடக்க வேண்டும். என்னைத் திருடி என்று எந்த இடத்தில் ஆக்கினார்களோ அந்த இடத்தில் நீங்கள் வந்து இல்லை என்று சொல்ல வேண்டும். எந்த இடம் என்று கேட்டார். என் தெரு என்றேன். அது எப்படிம்மா முடியும் என்றார். முடியாவிட்டால், சாவியை மறந்துவிட்டு வந்து பெண் குமாஸ்தாவை விட்டுப் பீரோவைத் திறக்கச் சொன்ன ஆபீசர் யார் என்பதையும் கேஸில் சொல்வேன் என்றேன். மிரட்டினேன் என்று வைத்துக்கொள்ளலாம். மிரட்டத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை விட்டதும் ஆபீசர் வந்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெயில். ஜனங்கள் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் நின்று தொண்டையைச் செருமி மெதுவாக ஆரம்பித்தார். கேட்கவில்லை என்றேன். சத்தமாகச் சொன்னார். இந்த அம்மாள் மேல் குற்றம் எதுவும் இல்லை, வேறு ஆள் பிடிபட்டுவிட்டான், தப்பு எங்களுடையது என்றார். மீன்காரம்மா, பின்னாடி கீறவங்களுக்குக் காதுல வுழல, இன்னொரு தபா சொல்லு சாமி என்றாள். இன்னொரு தரமும் சொன்னார். எத்தனை வீட்டுதோ என்று கேட்டவள் கூட்டத்தில் நின்றாள். அவளை நான் கண் எடுக்காமல் பார்த்தேன், அவள் வீட்டுக்குள் போகிறவரை. அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு முக்காடு போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பினாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலை கிடைத்தது, பேர் திரும்பியது, இன்னும் என்ன என்று. அவர்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் யாரும் கை விட்டதில்லை.

கேஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் பெண்டாட்டி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கிண்டியிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டாள்.

"வக்கீல் சொன்னாருக்கா. அந்தக் கோட்டைத் தவிர வேற சாட்சி இல்லியாம். கார்டும் கெடைக்கல. அதே மாதிரி உடைஞ்ச கம்பி வேற யார்கிட்டயும் இருக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா வுட்டுருவாங்களாம். பொய் சொல்லச் சொல்லலக்கா. இருக்கலாம்தானே?"

அவள் கேட்டது சரியான கேள்வி. குடைக்கம்பி இல்லாத வீடு பட்டணத்தில் இல்லை. ராவும்போது மேடு சில்லுப் பெயர்வதும் அதிசயம் இல்லை. என் கம்பியிலேயே பெயர்ந்திருக்கிறது. இன்னொருவனுடைய கம்பி அதே இடத்தில், அதே அளவில் பெயர்ந்திருக்கவே முடியாது என்று சொல்ல யாராலும் முடியாது. அவன்தான் செய்தான் என்று எனக்குத் தெரியும், என்னிடம் அவன் வாயாலேயே சொன்னான். ஆனால் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கோர்ட்டில் அது செல்லாது. குச்சியும் கோடும்தான் அங்கே பேசும். அவளிடம் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. போய்வா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கோர்ட்டில் வக்கீல் அதே கேள்வியைத்தான் கேட்டார். அதற்கு முன்னால் வேத புத்தகத்தின் மேல் கை வைத்து சத்தியம் செய்திருந்தேன். அவன் கூண்டில் நின்றான். பூட்டுகளை அதிகம் அறிந்தவர் என்று இங்கே உங்களைத் தவிர யாரும் இல்லை, இப்படிப்பட்ட இரட்டைக் கோடு இன்னொருவருடைய கம்பியால் விழ வாய்ப்பு உண்டா இல்லையா, யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்றார்.

நான் யோசிக்கவில்லை. "இல்லை" என்றேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. குடும்பம் கிண்டியை விட்டு ஆதம்பாக்கம் பக்கம் எங்கேயோ போய்விட்டது என்று பியூன் சொன்னார். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை பொய் சாட்சி என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் எரிந்து விழுந்ததைச் சொல்லியிருக்கிறேன், கறி விலக்க வேண்டிய சுத்தபோசன நாளில் மீன்குழம்போடு கறி தின்றதைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. செய்த பாவத்துக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்பட்டால்தான் சாமியார் மன்னிப்புக் கொடுக்க முடியும். எனக்கு மனஸ்தாபம் வரவில்லை. வராததை வந்தது என்று அங்கே போய் இன்னொரு பொய் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை.